யானையும் ஒற்றைச் சிப்பாயும்

குடவாசல்,
நவம்பர் 14

அன்பு மீரா உசேன் பாய் அவர்களுக்கு,

கலியபெருமாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பா நட்டு முடித்துவிட்டோம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மகன் சித்தீக்கை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஷார்ஜாவிலிருந்து உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கமாகக் கையெழுத்துக்குக் கீழே உங்கள் செஸ் நகர்த்தல் இருக்கும். இந்த முறை, நீங்கள் தோற்றுவிட்டதாகவும், இருதய ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும் ஒரே வரியில் இரண்டையும் முடித்துவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

இப்போது என் குற்றம். கம்ப்யூட்டரைக் கேட்பதில்லை என்று பதினோரு வருடம் காத்த சத்தியத்தை மீறிவிட்டேன். எவ்வளவில் ஜெயித்தேன் என்று பார்க்கும் ஆசைதான், மறைப்பானேன்? என் ராணியையும், உங்கள் யானையையும், அந்த ஒற்றைச் சிப்பாயையும் போனிலுள்ள செஸ் இன்ஜினில் அடுக்கினேன். எனக்கு ஐந்து புள்ளி அனுகூலம் என்றது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

பிறகு இரண்டு பக்கத்தையும் அதையே ஆடவிட்டேன். அடேயப்பா, ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான நிலைகளைப் பார்த்துவிடுகிறது பாய்! ஆனால் முப்பது நகர்த்தல் ஆகியும் ஐந்து ஆறாகவில்லை. உங்கள் சிப்பாய் இடத்தைவிட்டு அசையவில்லை. அதன் காவலில் யானை இரண்டே கட்டத்துக்குள் போய்ப் போய் வந்தது. ராஜா பின்னால் பத்திரமாக இருந்தார். ஐந்து காய் மட்டும் மிஞ்சிய எல்லா நிலைகளுக்கும் முடிவு கண்டுவைத்த பட்டியல் ஒன்று உண்டாம். அதில் தேடினேன். டிரா என்று போட்டிருந்தது.

முப்பது வருடம் மதகு ஷட்டரை ஏற்றி இறக்கிய லஸ்கர் நான். மேலே ஆளுயரம் தண்ணீர் நின்றாலும், ஷட்டர் இறங்கியிருந்தால் வயலுக்குள் வராது. இன்ஜின் தண்ணீரின் உயரத்தை அளந்துவிட்டது, ஷட்டரைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. அசந்துபோனேன் பாய். இவ்வளவு அழகாகக் கட்டிய மனுஷரே அதைப் பார்க்காமல் எழுந்து போவாரா?

ஆபரேஷனில் பிழைக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்றாராம் டாக்டர். அவர் படித்தவர், எண்ணைத்தான் சொன்னார். எழுந்து போகச் சொல்லவில்லையே. உங்கள் வீட்டம்மா, தங்கச்சி மெஹராஜ் நேற்று போனில், "நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

ஆகவே உங்கள் தோல்வியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. என் நகர்த்தல் கீழே இருக்கிறது. பதிலை ஆபரேஷன் முடிந்ததும் உங்கள் கையாலேயே எழுத வேண்டும். கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன். அல்லா துணையிருப்பான். எங்கள் அய்யனாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள்
கலியபெருமாள்

ராணி, இ-7. உங்கள் முறை, பாய்.