லண்டன் அம்மா மேல் குழம்பு சிந்தாமல்

பாய்,

இன்று காலை மருமகள் கருவாடு வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் வாடைதான் முதலில் வந்தது. பிறகு, கசங்கிய பேப்பரில் ஒரு முகம். தலை முழுக்க வெளுத்திருந்தது. ஆனாலும் ஒருபக்கமாய்ச் சாய்ந்த அந்தக் கழுத்தும் பெரிய கண்ணாடியும் எனக்கு மறக்குமா? எழுத்துத்தான் தெரியாது, முகம் தெரியும். "இதக் கொஞ்சம் வாசி தாயி" என்றேன். லண்டன் பாராளுமன்றத்தில் இத்தனை காலம் இருந்தவர் இனித் தேர்தலில் நிற்கப் போவதில்லையாம். நம் லண்டன் அம்மாதான் பாய். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அரபு நாட்டில் நாம் ஒன்றாக இருந்த முசஃபா கேம்ப் ரூம் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. நீங்கள் கராஜில் ஸ்டோர் பார்த்தீர்கள், நான் வெல்டிங். ஆபீசில் படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பரை நீங்கள் தூக்கி வருவீர்கள். எங்களுக்குத் தமிழில் சொல்லி முடித்ததும் அதையே தரையில் விரித்து எல்லோரும் சாப்பிட உட்காருவோம். விரிக்குமுன் அந்த அம்மா படம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பீர்கள். இருந்தால் பிளேடால் வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டுவீர்கள். "எந்தச் செய்தி மேல வேணாலும் குழம்ப ஊத்துங்கப்பா, இந்தம்மா மேல ஊத்தாதீங்க."

அவர் கதையை எங்களுக்குத் தொடர்போலச் சொன்னது நீங்கள்தான். அப்பா கப்பலேறி லண்டன் போய் மில்லில் வேலை பார்த்தவர். மகள் தேர்தலில் நின்று தோற்று, மறுபடியும் தோற்று, அதற்கப்புறம் ஜெயித்தவர். ஒரே வேலை பார்க்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டும், நிறம் பார்த்து வீடு இல்லை என்று சொல்லக் கூடாது, இருக்கிற சட்டம் போதாது, இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்றவர். அவர் பேச எழுந்தாலே எதிர்வரிசையில் சிரிப்பார்களாம். சிரிப்பு அடங்கும்வரை பேசாமல் நிற்பாராம். அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து இல்லை, முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பாராம். தோளில் துண்டைப் போட்டு நீங்கள் அதை நடித்துக் காட்டும்போது நானும்தான் சிரித்தேன்.

ரூமில் சமையலுக்கு முறை உண்டு. எனக்கு மட்டும் முறை வராது. எலக்ட்ரீசியன் சுப்பையா, நான் ரூமுக்கு வந்த அன்றே என் ஊரைக் கேட்டு, தெருவையும் கேட்டு, சாதியைத் தெரிந்துகொண்டவர். ஆனால் வாயில் மரியாதை குறையாது. "முனியாண்டி அண்ணனுக்கு எதுக்குவே சிரமம்? தீயில நின்னுட்டு வாராரு. பாத்திரத்தக் கழுவுனாப் போதும்." நானும் சரியென்று கழுவினேன். மரியாதையாகச் சொல்வதற்குப் பதில் சொல்வது கஷ்டம் பாய்.

அந்த அம்மா கொண்டுவந்த சட்டம் தோற்றுப்போனது என்று ரேடியோவில் சொன்ன சாயங்காலம், நீங்கள் ரேடியோவை அணைத்தீர்கள். பிறகு எழுந்து நின்றீர்கள். "வர்ற வெள்ளிக்கிழமை சமையல் முனியாண்டி முறை" என்றீர்கள்.

சுப்பையா சிரித்தார். "லண்டன் அம்மா நம்ம ரூமுக்கே வந்துட்டாங்கடே." மற்றவர்களும் சிரித்தார்கள். நீங்கள் நின்றுகொண்டே இருந்தீர்கள். சிரிப்பு அடங்கியது. "வர்ற வெள்ளிக்கிழமை சமையல் முனியாண்டி முறை" என்றீர்கள் மறுபடியும், அதே குரலில்.

அந்த வெள்ளிக்கிழமை சங்கரா மீன் குழம்பு வைத்தேன். புளி கூடிப்போனது. சுப்பையாவும் அவருடைய கூட்டாளியும் "வயிறு சரியில்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கஃபட்டேரியாவுக்குப் போனார்கள். நீங்கள் அவர்கள் தட்டிலும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மேலே வேறு தட்டைக் கவிழ்த்து, அவரவர் இடத்தில் வைத்தீர்கள்.

"அவங்கதான் வரமாட்டாங்களே பாய்."

"வராதது அவங்க இஷ்டம். வைக்கிறது நம்ம முறை."

சாயங்காலம்வரை அந்தத் தட்டுகளை எடுக்க விடவில்லை. என் முறை வந்த வெள்ளிக்கிழமையெல்லாம் இதே கதைதான். சோறு வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரியும். முறையே வேண்டாம், பழையபடி கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். நீங்கள் அலமாரிக் கதவில் இருந்த அம்மா படத்தைக் காட்டினீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, சுப்பையா போன வேகத்தில் திரும்பி வந்தார். கதவருகே நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று பார்த்தார். உட்கார்ந்தார். மூடியிருந்த தட்டைத் திறந்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள்தான் அப்படிக் கண்ணைக் காட்டியிருந்தீர்கள். பாதிச் சோறு போனபிறகு, "புளி தூக்கலா இருக்குவே" என்றார்.

"அடுத்த வாரம் கொறைச்சிருவோம்" என்றேன்.

அந்தச் சட்டம் சில வருசம் கழித்து நிறைவேறியது. நீங்கள் ரூம் முழுக்கப் பாலில்லாத சுலைமானி டீ போட்டுக் கொடுத்தீர்கள். சுப்பையா இரண்டு கிளாஸ் குடித்தார்.

உங்களை அடக்கம் செய்த அன்று பஸ் கிடைக்காமல் தாமதமாகத்தான் வந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மகன் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். மேலே தட்டு கவிழ்த்து மூடிய ஒரு சோற்றுத் தட்டு தனியாக இருந்தது. "யாராச்சும் வராம இருந்தா எடுத்து வைக்கணும்னு வாப்பா சொல்லுவாங்க" என்றான். சாப்பிட்டேன் பாய். அழுகையோடுதான் இறங்கியது.

இன்று சமையல் என் முறை என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். கருவாட்டுக் குழம்பு அடுப்பில் கொதிக்கிறது, புளி குறைத்துத்தான். மேசை இருக்கும்போது எதற்குத் தரையில் பேப்பர் என்று அவள் கேட்கிறாள். கேட்கட்டும். படத்தை வெட்டி எடுத்துவிட்டுத்தான் விரித்திருக்கிறேன்.