வேலியோரத்து ஊதாப்பூ

திங்கள், 7 மார்ச் 1988

காலையில் மழை. பிரிக்ஃபீல்ட்ஸ் முனையில் தண்ணீர் தேங்கிப் பேருந்து தாமதம். ஆய்வகத்தில் எட்டேகால்.

கிருமி வளர்த்த தட்டுகளைத் திறந்தோம். ஐந்து காட்டுப் பூக்களில் நான்கில் ஒன்றுமில்லை. செண்டுடோக் பூவின் சாறு தோய்த்த தாளைச் சுற்றி மட்டும் கிருமி வளராத வளையம். அகலம், தெளிவு. வெறும் மெத்தனால் தோய்த்த தாளில் வளையமில்லை. ஆகவே கரைப்பானின் வேலை அன்று. ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனையிலும் இதுவே முதல்.

ஆய்வு உதவியாளர் விமலாவின் ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது. துறைத் தலைவர் டாக்டர் லிம் தட்டைப் பார்த்தார். வெள்ளிக்குள் கட்டுரைச் சுருக்கம் போனால் அவளுக்கு ஓராண்டு நீட்டிப்புக் கேட்பாராம்.

"சார், இன்னிக்கு கேண்டீன்ல நான்தான் வாங்கித் தரேன். வேணாம்னு சொல்லக் கூடாது லா."

மீ கோரெங் நூடுல்ஸ். மிளகாய் அதிகம்.

குறிப்பு: பூ ஊதா, சாறு மஞ்சள். ஏன்? புல்லிவட்டத்தின் நிறமாக இருக்கலாம்.

செவ்வாய், 8

வெயில். இரவு உணவின்போது மனைவி கமலாவிடம் வளையத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எந்தப் பூ? நம்ம ரயில்வே வேலி அம்மன் பக்கத்துல இருக்கே, அதா?"

ஆம். சனிக்கிழமை பறித்தது அங்கேதான்.

"நல்லா பறிச்சீங்க போங்க! வெள்ளிக்கிழமை அத்தனை பொம்பளைங்களும் மஞ்சத் தண்ணி ஊத்துறது அந்தச் செடி மேலதானே. அம்மன் குளிச்ச தண்ணியில கிருமி செத்துச்சுன்னு எழுதிக்குங்க!"

தனக்குள் வெகுநேரம் சிரித்தாள். நான் ரசத்தில் கையை வைத்தபடி.

பூவை மும்முறை நீரில் கழுவ வேண்டும் என்பது நான் வகுத்த விதி. கழுவினோம். மஞ்சளின் நிறப்பொருள் நீரில் கரையாது, மெத்தனாலில் கரையும். அது ஒட்டிக்கொள்ளப் பூவின் அடியில் ரோமம் வேறு. விதி மீறப்படவில்லை. விதி போதவில்லை.

விமலாவிடம் எப்படிச் சொல்வது?

புதன், 9

மஞ்சள் இருந்தால் காரக் கரைசலில் சிவக்கும். அந்தக் கரைசல் உள்ள அலமாரியின் சாவி டாக்டர் லிம்மிடம்; அவர் கிள்ளானில் கூட்டத்தில். கமலாவின் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு கொண்டுபோயிருந்தேன். வெள்ளைப் பீங்கானில் ஒரு சொட்டுச் சாறு, துளி சுண்ணாம்பு. சிவந்தது.

"ஐயோ சார், ஆரத்தி!"

அம்மன் விஷயத்தைச் சொன்னேன். விமலா உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் தெரியாதுல்ல சார். வளையம் பொய் இல்லையே."

"பூவுடையது அன்று."

"தெரியும் சார். சும்மா சொல்லிப் பாத்தேன்."

பிற்பகல் இருவரும் அம்பாங், பழைய ஈயச் சுரங்க மேடு. செண்டுடோக் ஏராளம். விமலா ஒவ்வொரு புதரையும் சுற்றி வந்தாள். "இங்க சாமி ஏதும் இல்லையே? நல்லா பாருங்க சார். அப்புறம் உங்க வீட்ல வந்து சொல்வாங்க." காலணி முழுதும் மணல்.

பூக்கள் மெத்தனாலில் ஊறுகின்றன.

வியாழன், 10

புதிய சாறு சிவப்பு. சுண்ணாம்பில் பச்சையானது. மஞ்சள் இல்லை.

ஒரே தட்டில் நான்கு தாள்கள்: பழைய சாறு, புதிய சாறு, மஞ்சள் மட்டும், மெத்தனால் மட்டும்.

டாக்டர் லிம்மிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வளையம் வந்தால் அனுப்பலாம். வராவிட்டால் விமலாவுக்காகத் தாம் எழுத ஒன்றுமில்லை என்றார். சரியான பேச்சுதான். கேட்கப் பிடிக்கவில்லை.

வாங்க வேண்டியவை: வடிதாள், சுண்ணாம்பு (கமலாவுக்குத் திருப்பித் தர).

வெள்ளி, 11

மேகமூட்டம். கமலா விடியலிலேயே மஞ்சளோடு அம்மனுக்கு. "உங்க பூவுக்கும் சேத்து வேண்டிக்கிறேன். செடி மேல ஊத்தல, பயப்படாதீங்க."

தட்டு. மஞ்சளுக்கு வளையம். பழைய சாற்றுக்கு வளையம். மெத்தனாலுக்கு இல்லை. புதிய சாறு: விளக்கருகில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வளையம்.

விமலா அளவுகோலை என்னிடம் நீட்டினாள். "நீங்க அளங்க சார். நான் எழுதிக்கிறேன்."

இரு முறை அளந்தேன். பழையதில் பாதிகூட இல்லை.

"சின்னது சார்."

"பூவுடையது."

சுருக்கத்தில் பறித்த இடத்தையும் சுண்ணாம்புச் சோதனையையும் சேர்த்தாள். டாக்டர் லிம் படித்தார், முகம் சுளித்தார், கையெழுத்திட்டார். நீட்டிப்பு ஓராண்டு அன்று. ஆறு மாதத்துக்கு எழுதுவார்.

தபால் நிலையம் மூடுவதற்குள் விமலா ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. அவள் குடை என் மேசையிலேயே.