மாடத்தி பெயருக்கு நேரே 136

20-2-1976, வெள்ளி
மதுரையிலிருந்து விக்டர் என்றொருவர் வந்து எங்கள் ஐந்தாம் வகுப்புக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார். புதிதாகத் தொடங்கும் உறைவிடப் பள்ளியில் எங்களுக்கு ஒரே ஓர் இடம். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வாய்க்கேள்வி, கட்டை அடுக்கல். என் மகள் பிளாரன்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். சரிதான்.

11-3, வியாழன்
தபால் வந்தது. பிளாரன்ஸ் 109. சுடலைமாடத்தி 136.

மாடத்தியா? வாரத்தில் இரண்டு நாள் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்விடுகிறவள். வாய்ப்பாடே தட்டுத் தடுமாறித்தான் வரும். பிளாரன்ஸ் வகுப்பில் முதல். அன்று இருவரும் அடுத்தடுத்து உள்ளே போனார்கள் — தாள் மாறியிருக்கும். மாறித்தான் இருக்கும்.

12-3
தலைமையாசிரியர் தனராஜ் சாரிடம் சொன்னேன். "உங்க மவங்கிறதால சந்தேகப்படுதீகளோ, டீச்சர்?" என்று சிரித்தார். ஏன் சிரிக்கிறார்? இவருக்கும் இதில் பங்கு உண்டோ?

20-3, சனி
மதுரைக்கே போய்விட்டேன். விக்டர் முகம் சுளிக்காமல் இரண்டு தாள்களையும் எடுத்து வைத்தார். பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார்.

'உப்புக்கும் தண்ணீருக்கும் என்ன ஒற்றுமை?'

ஒரு தாளில்: "ரெண்டும் சமையலுக்கு வேணும்."

மற்றதில்: "வெயிலு வந்து பிரிக்குத வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கெடக்கும், சார்."

பெயரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"109 நல்ல மார்க்குதான், டீச்சர். வாய்ப்பாடு பழக்கத்துல வரும். பழகாத ஒண்ண முன்னால வெச்சா பிள்ளை என்ன செய்யுதுன்னுதான் நாங்க பாக்கிறோம்" என்றார்.

24-3, புதன்
தருவைகுளம் ரோட்டு உப்பளத்தில் மாடத்தியின் அம்மா இசக்கித்தாயைப் பார்த்தேன். "தூரம். ஹாஸ்டல்ல விடணும். பிள்ளை அழும். யோசிச்சுக்கோ" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். அங்கன அவளுக்கு யாரு இருக்கா?"

விருப்பமில்லை என்ற தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த மார்க்கு பிளாரன்ஸுடையது.

25-3
நான் என்ன சொன்னேன் அவளிடம்? செலவு முழுக்க அந்தப் பள்ளிக்கூடமே ஏத்துக்கிடும்னு சொன்னேனா? 136ன்னா என்னன்னு சொன்னேனா? சொல்லலையே. ஏளா ஜீவமணி, தாள மாத்தப் பாத்தது யாரு?

26-3, வெள்ளி
மறுபடி போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், மாடத்தி சொன்ன பதிலையும்.

"எம்மவளா அப்பிடிச் சொன்னா?" இசக்கித்தாய் கையிலிருந்த உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "அன்னைக்கு ஏன் டீச்சர் இதச் சொல்லல?"

கைநாட்டு வைத்த தாளை நீட்டினேன். வாங்கிக் கிழித்தாள்.

2-6, புதன்
மாடத்திக்கு டி.சி. எழுதினேன். 'விலகும் காரணம்' — மேல்படிப்பு. உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷமும் அந்த இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன்.

வாங்க வந்த இசக்கித்தாய் தனராஜ் சாரைக் கும்பிட்டாள். என்னைக் கும்பிடவில்லை.