முகாம் வாழ்வின் இன்பங்கள்

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

போன் எடுத்தால் வெட்டுகிறீர்கள். கடிதத்தை வெட்ட ஏலாது. நீங்கள் மீசைக்கு மை பூசுவதை நான் நாலு பேர் முன்னால் சொன்னதற்கா, பத்து நாளாக மூதூரில் உங்கள் தங்கச்சி வீட்டு விறாந்தையில் படுப்பது?

ஒரு புதினம். நான் கூட்டித் துடைக்கும் வாசிகசாலையில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. பெயர் 'முகாம் வாழ்வின் இன்பங்கள்'. எழுதியவர் யாரோ பாக்கியரத்தினமாம். நூறு வருடத்துக்கு முந்தியவர், இன்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்குச் சிரிப்பு. சண்டைக்குள்ளே சம்பூரிலிருந்து ஓடிவந்து மூன்று வருடம் முகாமில் தறப்பாள் கூரைக்குக் கீழே கிடந்தோமே, அதில் எங்கே இன்பம்?

"இந்த மனுசன் எந்த முகாமில இருந்தவர், மிஸ்?" என்று அங்கே வேலை செய்யும் கீர்த்தனியிடம் கேட்டேன்.

"இது அகதி முகாம் இல்லை, அக்கா. வீடு வாசல் உள்ள ஆக்கள் ஆசைக்குக் காட்டில கூடாரம் அடிச்சுப் படுக்கிறது."

"அப்ப என்ர மனுசனும் அந்தக் கட்சிதான்."

எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்துவிட்டேன். காற்று, நட்சத்திரம், சுட்ட மீன் என்று எல்லா இன்பத்தையும் எழுதியவர், பாவம், ஒன்றை விட்டுவிட்டார். எங்கள் முகாமில் எவ்வளவு கோபம் வந்தாலும் நீங்கள் என் பக்கத்தில்தான் படுத்தீர்கள். போக வேறு இடம் இருக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாய்க்காரி