நைனாவின் இடது கையும் பேசும் திரையும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். ராஜகிரி மலைப் பக்கம் மேகம் கூடிக் கலைந்தது. ஆபீஸ் வேலையை மதியத்துக்குள் முடித்தேன்.

பிறகு நைனாவின் வேலை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை, வலது கையும் வராது. அதற்காகத்தான் தொடுதிரைக் கம்ப்யூட்டரில் நான் எழுதும் இந்த ப்ரோகிராம். படத்தைத் தொட்டால் பேசும். தண்ணி. வலிக்குது. ஃபேன் போடு. போர்வை குடு.

முதல் சோதனை. இடது கை நடுங்கி, உள்ளங்கை முழுசும் திரையில் விழுந்தது. எல்லாப் படங்களும் ஒரே சமயத்தில் கத்தின. நைனா பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

அம்மா: "இன்னாடி இது, சந்தக்கடையாட்டம்?"

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 8, செவ்வாய்

காலை முழுக்கக் கரண்ட் இல்லை. மதியம் வந்ததும் ஒவ்வொரு படப் பட்டனுக்கும் 'ஒரு விரலை மட்டும் கணக்கில் எடு' என்று ப்ரோகிராமில் எழுதிப் பார்த்தேன். பயனில்லை. பக்கத்துப் பட்டனில் விழுந்த விரல் இந்தப் பட்டனுக்குத் தெரியாது. எல்லாம் பேசின.

பட்டனுக்குப் போகும் முன்பே, ப்ரோகிராம் முழுவதற்கும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும். எத்தனை விரல் பட்டாலும் ஒரு கைதான் என்று அங்கே முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரை வாங்க மறந்தேன்.

ஜூலை 10, வியாழன்

முதலில் பட்ட விரலைக் கணக்கில் எடுக்கும்படி ப்ரோகிராமை மாற்றினேன். தப்பு. 'தண்ணி'க்குப் பதில் 'வலிக்குது'. அம்மா பதறிவிட்டாள். "எங்க வலிக்குது? நெஞ்சிலயா?" நைனா கண் கலங்கினார்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட் தட்டை இழுக்க முதலில் உள்ளங்கையை மேஜையில் ஊன்றுகிறார். நடுக்கம் அடங்குகிறது. அப்புறம்தான் ஆள்காட்டி விரல் நீள்கிறது.

எனக்கு வேண்டியது அந்தக் கடைசி விரல்.

ஜூலை 12, சனி

ஊன்றிய கையை விட்டுவிடு, பிறகு தனியாக வரும் விரலை எடு. இப்படி மாற்றினேன். "ஃபேன் போடு" என்றது திரை. போட்டேன். நைனா சிரித்தார், பாதி வாயில்.

அப்புறமும் விரல் திரை முழுக்கத் தேடியது. எதையும் தொடவில்லை. தண்ணியா? இல்லை. போர்வையா? இல்லை.

அம்மா சொன்னாள்: "எல்லாம் அவருக்கு வேணுன்றதயே போட்டு வெச்சிருக்க. நம்ம கடைக்கு வர்றவங்கள எல்லாம் சாப்டியானு கேட்ட மனுசன்டி. இதுல அவரு யார இன்னா கேப்பாரு?"

ராத்திரி பழைய வீடியோக்களைத் தேட ஆரம்பித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். கடையில் எடுத்த பழைய போன் வீடியோ ஒன்றில் நைனாவின் குரலே கிடைத்தது. வெட்டி எடுத்துப் புதுப் பட்டனில் வைத்தேன்.

அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். நைனா கையை ஊன்றினார். விரல் மெதுவாக நீண்டது.

"சாப்டியா?"

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் இல்லீங்க, நீங்க சாப்டாதான்" என்று அவர் கைமேல் தன் கையை வைத்தாள். அவள் சுண்டுவிரல் திரையில் பட்டது. "போர்வை குடு" என்றது.

திரைக்கு இன்னொருவர் கையும் வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. எழுந்து போய்ப் போர்வையை எடுத்து வந்தேன்.