அடைப்புக்குறிக்குள் ஒரு வசனம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதலாமா என்று யோசித்து, பாதி நலம் என்று எழுதுகிறேன். அத்தான் தடியை ஊன்றிக் குளியலறை வரை தனியாகப் போய்வருகிறார். பேச்சு இன்னும் குழறல்தான். வலது கை அசையவே இல்லை. எத்தனை பேருடைய சட்டைத் துணியை வெட்டிய கட்டிங் மாஸ்டர் கை அது! தையல் கடை முதலாளி போன வாரம் வந்தார். வேறு ஆள் போட்டுவிட்டதைச் சொல்ல வாய் வராமல், காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

நீ அனுப்பிய பெரிய எழுத்து பைபிள் வந்து சேர்ந்தது. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. வம்பு என்னவென்றால், அடிக்குறிப்பையும் படிக்க முடிகிறது.

அத்தான் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து, காலையில் அவர் கைக்கு எண்ணெய் தேய்த்ததும் என் கையை அதன்மேல் வைத்து மாற்கு சுவிசேஷத்தின் கடைசி வசனங்களில் ஒன்றைச் சொல்வேன். விசுவாசிகள் கை வைத்தால் நோயாளிகள் குணமாவார்கள் என்று வருமே, அதுதான். புதுப் புத்தகத்தில் அதைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு, மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் இந்தப் பகுதி இல்லை என்று கீழே போட்டிருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவனாயிற்றே என்று உன்னிடம் கேட்டேன்; நீ போனில் பொறுமையாகத்தான் சொன்னாய். மாற்கு எழுதிய மூலப்பிரதி இன்று யாரிடமும் இல்லை, நகலுக்கு நகல் எடுத்தவர்களில் யாரோ முடிவைப் பிறகு சேர்த்திருக்கலாம் என்றாய். எந்த நூல் வேதம், எது இல்லை என்பதிலும் சபைக்குச் சபை பட்டியல் மாறியது, ஒத்துப்போகச் சில நூறு ஆண்டுகள் ஆயின என்றாய். நான் உம் கொட்டினேனே தவிர, ஒன்றும் பிடிபடவில்லை. வேதத்தைப் பார்த்துச் சபை வந்ததா, சபை பார்த்து வேதத்தை முடிவு செய்ததா? அவர் எழுதாதது என்றால் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? வேதம்தான் என்றால் எதற்கு அடைப்புக்குறி?

போதகரிடம் கேட்டேன். அடிக்குறிப்பெல்லாம் படித்தவர்களுக்கு, உங்களுக்கு எதற்கம்மா என்றார். படித்ததால்தானே கேட்கிறேன் என்றேன். யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்து போய்விட்டார்.

அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் கதை எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். இயேசுவின் உடல் இல்லாத கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அப்படியா ஒருவர் முடிப்பார்?

கை வைத்து வசனம் சொல்வதை விட்டுவிட்டேன். அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை, தம்பி. எண்ணெய் தேய்ப்பேன், கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இல்லாத வாக்கை அவருக்குக் கொடுக்கிறேனோ என்று பயம். அவர் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன். ஒரு காலையில் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்கிறார் என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து, நகல், பட்டியல், அடைப்புக்குறி என்று நீ சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் ஒப்பித்தேன். முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொல்லியிருப்பேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"எனக்கு... பயமா இருக்கு. கைய வை."

பயம் என்பது கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை. கையை வைத்தேன். அந்த வசனத்தைச் சொல்வதா, விடுவதா என்று தெரியாமல் சும்மா இருந்தேன். அவர் அப்படியே தூங்கிப்போனார். கை அசையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இப்போது தினமும் வைக்கிறேன். சில நாள் வசனம் வருகிறது, சில நாள் அழுகைதான் வருகிறது. இதில் எது ஜெபம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை. உன் மாணவர்களுக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் எனக்குப் பதில் எழுத வேண்டாம், போனிலும் விளக்க வேண்டாம். கல்லூரி விடுமுறை வரை காத்திருக்காமல் ஒருமுறை வந்துவிட்டுப் போ. புத்தகம் எதுவும் கொண்டுவராதே. நான் சமைத்து முடிக்கும்வரை அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. சீக்கிரம் வா, தம்பி.

உன் அக்கா