கல் விழுமென்ற ஆனி மாதம்

அக்கா,

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். பேத்தி கைபேசியோடு வந்தாள். "அம்மம்மா, ஒரு சின்னக் கல்லு பூமி சுத்துற பாதையைக் குறுக்கால கடக்குதாம். அது தன்னைத்தானே சுத்துறதும் சரியான ஆறுதலா, மெல்ல மெல்லத்தானாம்." அவியும் நெல்லின் மணத்தோடு அதைக் கேட்டதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால், "ஆறுதலா வாறவருக்கு இருக்க ஒரு கதிரை எடுத்துப் போடு" என்றிருப்பீர்கள்.

அறுபத்தெட்டாம் ஆண்டிலும் அப்படி ஒரு கல் வந்தது. பூமிக்குக் கிட்டவாகப் போகும் என்றுதான் பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊர்க் கடையடிக்கு வந்து சேர்வதற்குள் கல் எங்கள் தலையில் விழும் என்றாகிவிட்டது. காடு வெட்டிக் குடியேறிய சனம், அரிசி குறைந்த ஆனி மாதம். அழியப்போகிற உலகத்தில் விதைநெல் எதற்கு, பிள்ளைகள் கடைசியாக வயிறாறச் சாப்பிடட்டும் என்று வீட்டுக்கு வீடு அதை அவித்தார்கள். அவித்த நெல் முளைக்காது என்று தெரிந்த கமக்காரர்கள்தான்!

என் மாமியும் அடுப்பு மூட்டினார். கலியாணமாகி வந்த புதிது, எனக்கு வாய் திறக்கப் பயம். அடுத்த காணியிலிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்த நீங்கள், எங்கள் விதைநெல் மூட்டைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எழும்பு பிள்ளை, நாளைக்கு எல்லாம் அழியப்போகுது."

"அழியட்டும் மாமி. எங்கட வாய்க்கால் தண்ணியே சொன்ன நாளுக்கு வாறேல்லை, இந்தக் கல்லு மட்டும் வந்திடுமோ? வந்தாலும் வரட்டும். நான் எழும்பமாட்டன்."

பொழுதுபடும்வரை எழும்பவில்லை. மாமி திட்டித் தீர்த்து, கடைசியில் அடுப்பை அணைத்தார். கல் தன் பாட்டில் போய்விட்டது.

புரட்டாதியில் விதைக்க எங்கள் வாய்க்கால் கரையில் உங்கள் வீடு, எங்கள் வீடு என்று இரண்டு வீட்டில்தான் நெல் இருந்தது. கேட்டு வந்த எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தீர்கள். "ஆனி மாதச் சோறு ருசியோ?" என்று மட்டும் கேட்காமல் விடவில்லை. எனக்கு அன்று எவ்வளவு பெருமை!

நீங்கள் காய்ச்சலில் போன பிறகு சண்டைக்குப் பயந்து எத்தனையோ முறை வீட்டைவிட்டுக் கிளம்பினோம் அக்கா. ஒருமுறை நான் தூக்கிக்கொண்டு போன விதைநெல் மூட்டையை மகன் பிடித்து இழுத்தான். "அம்மா, திரும்பி வருவமோ தெரியாது. இதை ஏன் காவுறியள்?"

"தெரியாதுதான். விடடா கையை" என்றேன். அந்த நெல்லைத்தான் திரும்பி வந்து விதைத்தோம்.